வடக்கே ஓடிய விரிசல்

எண்ணெய்க் கிணற்று அலுவலகத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வீட்டில் புருஷன்கூட, "இன்னிக்கு யாரோட சண்டை?" என்று கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறப்பான். சிடுசிடுக்காமல் வேறென்ன செய்வாள்?

பூமிக்கடியில் எந்தத் திசையில் பாறையை அழுத்தும் நெருக்கம் அதிகம் என்று கணக்கிடுவது அவள் வேலை. தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளந்தால், அந்தத் திசையை ஒட்டித்தான் விரிசல் நீளும்.

"இங்க வடக்குப் பக்கம் ஓடும் சார். அங்க பழைய கிணறு இருக்கு, வேணாம்," என்று மேனேஜரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"பக்கத்து எண்ணெய் வயல்ல கிழக்கதானேம்மா ஓடுச்சு? இங்க மட்டும் பாறைக்குப் புத்தி மாறிடுமா?"

இரண்டு வயலுக்கும் நடுவில் பூமி முறிந்து கிடப்பதால் நெருக்கமே திசைமாறியிருப்பதை வரைபடத்தில் காட்டினாள். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

பம்புகள் ஓடின. மத்தியானத்துக்குள் பழைய கிணற்றின் மூடியைப் பிய்த்துக்கொண்டு சேறும் தண்ணீரும் பீறிட்டன. பக்கத்தில் நின்ற மேனேஜரின் கார் முழுக்க நனைந்தது.

அலுவலகக் கூட்டத்தில் அவர், "பாறை நம்மள ஏமாத்திடுச்சு," என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றாள்.

"ஏமாத்தல சார். நான் சொன்ன பக்கம்தான் போச்சு. இந்த ஆபீஸ்ல என் பேச்சக் கேட்டது அந்தப் பாறை ஒண்ணுதான்."