தனுஷாவின் வலது தோள்

1. மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள்

பத்து பெரிங்கி என்கிற எங்கள் கடற்கரையில் பாராசெய்லிங் போட் ஓட்டுகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். மேலே பாராசூட்டில் ஆள் தொங்கும்போது போட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கயிறு தொய்யும், பாராசூட் சுருங்கும், ஆள் கடலில் விழுவார், துணியும் கயிறும் அவர் மேலேயே விழுந்து மூடும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வருவது லேசில்லை. கடலில் வேறு என்ன நடந்தாலும் சரி, மேலே போனவரை மணலில் இறக்கிவிட்டுத்தான் மறு வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போவிலிருந்து வந்த ஒரு அம்மா மேலே இருந்தார். காலையில் நல்ல மழை. ஆறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீர் பழுப்பாகி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே சிவப்புக் கொடி நட்டிருந்தோம். போட்டைத் திருப்பும்போது கொடிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. கை தண்ணீரை அடிக்கிறது, ஆள் நகரவில்லை. சத்தமும் இல்லை. மூழ்குகிறவன் கத்த மாட்டான், தம்பிகளே. கத்துவதற்கு அவனிடம் மூச்சு இருக்காது. கடலில் கத்துகிறவனைப் பார்த்து நான் பயந்ததே கிடையாது. சத்தம் போடாதவனைப் பார்த்தால்தான் பயம்.

கரையில் டின் நின்றிருந்தார். மலாய்க்காரர், என் வயசு, என்னோடு தொழிலில் வளர்ந்தவர். இறங்கி வருகிற ஆளைப் பிடிப்பது அவர் வேலை. அவரும் அந்தத் தலையைப் பார்த்துவிட்டார். என்ன செய்வது? நான் போட்டை விட முடியாது, அவர் மணலை விட முடியாது. ஜெட் ஸ்கி ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் தனுஷா மணலில் ஓடுவதைப் பார்த்தேன்.

"போகாத! தனு, போகாதம்மா!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

2. யார் இந்தத் தனுஷா

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். இந்த மணலில் நாற்காலி வாடகைக்கு விட்டு ஆரம்பித்தேன். இன்று நான்கு போட் என் பெயரில் ஓடுகிறது. காற்று மாறுவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் என் காது சொல்லும். பெரிய ஹோட்டல் மேனேஜர்களே போன் பண்ணி, "அண்ணே, இன்னைக்கி கஸ்டமர அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். உழைத்து வாங்கிய பெருமையை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்?

தனுஷா ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் இருக்கிற சேகரின் மகள். சேகர் ஃபேக்டரியில் டெக்னீஷியன். மகள் மற்ற நாட்களில் நீச்சல் குளத்தில் பயிற்சி செய்வாள். சனி, ஞாயிறு என்றால் மூச்சுப் பிடிக்கப் பழகுவதற்காக அப்பா அவளைக் கடலுக்குக் கூட்டி வருவார். ஃப்ரீஸ்டைல் அவளுடையது. பதினேழு வயசு. மாநில அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எடுத்துக்கொண்டிருந்த டைமுக்கு இடம் உறுதி என்று கோச் வசந்தியே சொல்லியிருந்தார்.

அவள் நீந்துவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் தெறிக்காது. கை உள்ளே போகிற இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் மட்டும் விழும், வேட்டி மடிப்பு மாதிரி. நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், ஆஸ்திரேலியாக்காரர்களையும் சேர்த்து. எல்லாரும் கடலோடு சண்டை போடுவார்கள். இவள் மட்டும் கடல் ஏதோ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே போகிறவள் மாதிரி போவாள். அவள் கரையேறுகிற வரை நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மாட்டேன். அலை கலைந்துவிடும். டின் என்னை முதலாளி என்ற அர்த்தத்தில் தாவ்க்கே என்றுதான் கூப்பிடுவார். "தாவ்க்கே, ஆயில் மணத்துக்கு மீனே ஓடுது, அதுக்கு நிக்காத நீ ஒரு பொண்ணுக்காக நிக்கிற" என்று டின் கேலி செய்வார். செய்யட்டும்.

3. குளத்துப் பழக்கம்

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இது நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்காகவே எழுதுவது. நீச்சல் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

குளத்தில் பழகியவர்கள் வேகமாகப் போக முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பார்கள். கீழே கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் கோடு ஏது? உயிருக்குப் போராடுகிறவனை நோக்கிப் போகும்போது தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், கண் அவன் மேலேயே இருக்க வேண்டும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. கிட்டே போனதும் நிற்க வேண்டும். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, மிதக்கிற பொருள் ஏதாவது ஒன்றைத் தள்ளிவிட வேண்டும். உன்னைக் கொடுக்கக் கூடாது.

தனுஷா பந்தயத்தில் போவது போலப் போனாள். முகம் தண்ணீருக்குள். அத்தனை வேகத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. தேர்வில் அந்த வேகத்தில் போயிருந்தால் நாடே திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் அலை அந்த ஆளைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. அவள் தலையைத் தூக்கியபோது அவன் அவளுக்கு நேர் முன்னால், ஒரு சாண் தூரத்தில் இருந்தான்.

அவன் அவளுடைய வலது கையைப் பிடித்தான். பிடித்து அதன் மேல் ஏறினான். அவன் மேல் கோபப்பட முடியாது. மூழ்குகிறவனுக்கு அது கை என்று தெரியாது, ஏணி என்றுதான் நினைப்பான்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் மேலே இருக்கிற அம்மாவைப் பார்க்கிறேன், கடலைப் பார்க்கிறேன். காற்று கரைப் பக்கமாக அடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக ஒரு வளைவு எடுத்ததில்லை. டின் இறங்கச் சொல்லி விசில் ஊதினார். அந்த அம்மா பூப்போல மணலில் இறங்கினார். கீழே இறங்கியதும், "ஐயோ, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டாராம். அவருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமல் இறக்குவதுதான் என் தொழில்.

கயிற்றைக் கழற்றிவிட்டு ஆற்று வாய்க்குப் போட்டைத் திருப்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது தனுஷா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். இடது கை அந்த ஆளின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது. வலது கை தோளிலிருந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொங்கியது. கீழே இழுத்தவனோடு தானும் கீழே போய், அவன் பிடி விட்டதும் பின்னால் வந்து பிடித்திருக்கிறாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"மாமா, அவர மொதல்ல தூக்குங்க" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

"கையி போச்சேம்மா!"

"காலு இருந்துச்சு மாமா."

4. பெயர்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சேகர் என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"யாருண்ணே அவன்? சொல்லுங்க, யாரு? செவப்புக் கொடி தெரியாதவனுக்கு எம் பொண்ணு தோள குடுக்கணுமா? பத்து வருசமா விடியக்காலையில எந்திரிச்சிருக்கா. பேருகூட தெரியாதண்ணே அவன் பேரு!"

கோச் வசந்தி அவரை விடக் கோபமாக இருந்தார். ஆனால் கோபம் என் மேல் இல்லை.

"நான் இவங்களுக்கு வேகமா போறதுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு ஆளத் தூக்குறதுக்கு இல்ல. இனிமே என் பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா சொல்லப் போறேன், ஒங்க ஒடம்பு ஒங்களுது மட்டும் இல்ல, போகாதீங்கன்னு."

"சொல்லுங்க டீச்சர். கேப்பாங்களா?" என்றேன்.

"கேக்கணும்லா!"

"நீச்சல் தெரிஞ்சவ கரையில நின்னு ஒருத்தன் சாவறதப் பாத்தான்னா, அதுக்கப்பறம் அவ எந்தத் தண்ணியில எறங்குவா?"

உள்ளே தோளைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து அந்த ஆள் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டான். நேபாளத்துக்காரன். செபராங் ஜெயாவில் காவல் வேலை. மலையில் பிறந்தவன், அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலில் கால் வைத்திருக்கிறான். கொடி எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வாசலில் நின்று உடைந்த மலாயில் மன்னிப்புக் கேட்டானாம். பிறகு போனைத் திறந்து தன் மகள் படத்தைக் காட்டினானாம். முன்பல் விழுந்த சின்னப் பெண்.

திட்டுவதற்காகவே கதவைத் திறந்த சேகர் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்குப் போன் செய்து சொன்னார்: "பேரு பிஷ்ணுவாம்ணே. கேட்டுத் தொலைச்சிட்டேன். இனிமே எப்படி வைய முடியும்?"

5. தேர்வு

தனுஷா விடவில்லை. கை தூக்கவே மாதக்கணக்கானது. பிறகு ரப்பர் பட்டையை இழுத்தாள், சுவரில் விரலால் ஏறினாள், குளத்தில் இறங்கினாள். கடலுக்கு மட்டும் வரவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

நெருங்கியிருந்த தேர்வு அவள் இல்லாமலே முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த தேர்வுக்கு நான் போட்டுக்கு லீவு விட்டுவிட்டுப் போனேன். டின்னும் வந்தார். அந்தக் கூட்டத்தில் என் தொண்டைக்கு ஈடு ஒருத்தன் இல்லை. முதல் பாதி வரை அவள் முன்னால் இருந்தாள். சுவரைத் தொட்டுத் திரும்பினாள். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது கை உள்ளே போகிற இடத்தில் தண்ணீர் தெறித்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. ஒவ்வொரு முறை தெறிக்கும்போதும் என் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. அவளுக்கு முன்னால் மூன்று பேர் சுவரைத் தொட்டார்கள். இடம் இரண்டு பேருக்குத்தான்.

டின் என் முழங்காலைத் தட்டினார். "சுடா லா" என்றார். போதும், முடிந்தது என்று அர்த்தம்.

6. பிள்ளைகளுக்குச் சொல்வது

இப்போது எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு சவுக்கு மரத்திலும் ஒரு காலி எண்ணெய்த் தோங், பிளாஸ்டிக் கேன்தான், தொங்குகிறது. மூடியை இறுக்கி, பிடியில் நீளக் கயிறு கட்டி நான் செய்தது. பெரிய மனிதர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளி விளையாட்டுக் குழுக்கள் வந்தால் என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அங்கிள், போட்டி இருக்கறப்ப யாராச்சும் மாட்டிக்கிட்டா நாங்க போலாமா, கூடாதா?"

போகாதே என்று நான் சொல்வதில்லை. ஓடத் தெரிந்த கால் ஓடும், நீந்தத் தெரிந்த கை நீந்தும், அதைப் பேச்சால் கட்ட முடியாது. வெறுங்கையோடு போகாதே என்றுதான் சொல்கிறேன். முதலில் தோங்கை எடு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒருவரிடம் கொடு. தலையைத் தூக்கி வை. கைக்கு எட்டாமல் நில். இந்த நான்கும் முடியாது என்றால் கத்து, ஆளைக் கூப்பிடு. அதுவும் உதவிதான்.

தனுஷா கோலாலம்பூருக்குப் படிக்கப் போவதற்கு முன்னால் ஒரு காலை கடற்கரைக்கு வந்தாள். குளத்தையும் விட்டுவிட்டதாகச் சொன்னாள். நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். கடல் கண்ணாடியாகக் கிடந்தது.

"கொஞ்சம் எறங்கிட்டு வாயேன்மா. சும்மா. யாரும் டைம் பாக்கல."

"வேணாம் மாமா. எறங்குனா கையி பழைய மாதிரி போகணும்னு கேக்கும்."

"வருத்தமா இருக்கா?"

"தெனமும்" என்றாள். பிறகு, "பிஷ்ணு மகளுக்கு பல்லு மொளச்சிருச்சாம். படம் அனுப்பிருந்தாரு" என்று சிரித்தாள்.

காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நனையாத மணலிலேயே நடந்து அப்பாவின் காருக்குப் போனாள்.

பிள்ளைகள் என்னிடம், "அந்த அக்கா செஞ்சது சரியா, அங்கிள்?" என்று கேட்பார்கள். சரிதான் என்று சத்தமாகச் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அதைச் சொல்லும்போது கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். காலை நேரத்தில் அவள் இறங்காமல் போன அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை.