வெள்ளிக்கிழமைச் சுறா

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன் இல்லை. கத்தோலிக்க வீட்டில் இதென்ன புதுமை என்று புது மருமகள் போன கிழமை கேட்டாள். பருப்பைக் கிளறிக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

அப்போது சண்டையால் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயனில் கொட்டில் போட்டிருந்தோம். கரைப்பக்கமே தங்கிவிட்ட மாமா வியாழக்கிழமைகளில் சைக்கிளில் சுறாக் கருவாடு கொண்டுவருவார். மற்ற நாட்களில் பூசணிக்காய். பூசணிக்காயைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை இன்றுவரை என் வாயில் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சி ஆகாது, மீன் ஆகும். இறைச்சியைக் கண்டே பல மாதமானபடியால் அந்தத் தவம் சுலபமாக நடந்தது.

பக்கத்துக் கொட்டிலில் லெட்சுமி, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருஷன் மலேரியாவில் கிடந்தான். கையில் பால்குடிப் பிள்ளை. நான் மரத்தடியில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிறரன்பைப் பற்றி ஒன்றரை மணிநேரம் மூச்சு விடாமல் பேசுவேன். அம்மா பேசமாட்டார். தினமும் ஒரு சட்டி சோறு அனுப்புவார். வெள்ளிக்கிழமையென்றால் சுறாக் கறி விட்டுப் பிசைந்த சோறு.

"பால் சுரக்கும். கொண்டுபோய்க் குடு."

சட்டி கழுவித் திரும்பும், உள்ளே ஒரு பிடி முருங்கையிலையோடு.

ஆனால் வெள்ளி பின்னேரமானால் அந்தப் பிள்ளை அழத் தொடங்கும். வயிற்றுக்குத்து என்றேன் நான். பால் காணாது என்றார் அம்மா. அடுத்த வெள்ளி எங்கள் பங்குச் சுறாவையும் சேர்த்துப் போட்டார். பிள்ளை இன்னும் பலமாக அழுதது.

கடைசிக் கொட்டிலில் தனியாக இருந்த பெரியவர் ஒருநாள் கிணற்றடியில் என்னை மறித்தார்.

"பிள்ளை, லெட்சுமி வெள்ளிக்கு வெள்ளி சுறாச் சோறு கொண்டந்து தாறாள். போனமுறை உப்புக் கூடிப்போச்சு. ஒருக்காச் சொல்லிவிடு."

வெள்ளிக்கிழமை ஆகாதது இறைச்சிதான் என்று எங்கள் மண்டையில் ஊறியிருந்தது. சைவக்காரருக்கு வெள்ளியில் மீனும் ஆகாது என்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை, மறைக்கல்வி ஆசிரியைக்கும் தோன்றவில்லை. லெட்சுமி புருஷன் எழும்பும்வரை வெள்ளி விரதம் என்று முருகனுக்கு வேறு நேர்ந்திருந்தாள். வீட்டில் வேறு அரிசி இல்லை. எங்கள் சோற்றைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அன்றைக்கு முழுப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

அம்மா நேரே போய்க் கேட்டார். "ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"ஆசையா குடுக்கிறீங்கம்மா. எப்டிங்க வேணாம்னு சொல்றது?"

அம்மா மீன் படாத புதுச் சட்டி ஒன்று தேடி அக்கராயன் முழுக்க நடந்தார். அடுத்த வெள்ளி சோறும் பருப்பும் போனது. நாங்களும் அதையே சாப்பிட்டோம். பின்னேரம் இருவரும் கிடுகு வேலியோரம் காது கொடுத்துக்கொண்டு இருந்தோம். பிள்ளை அழவில்லை. அம்மாதான் அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிறு பிறரன்பைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேசினேன்.

லெட்சுமியின் புருஷன் எழும்பிவிட்டான். அடுத்த இடம்பெயர்வில் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துதான் போனான். எந்தப் பக்கம் போனார்களென்று தெரியாது. இப்போது அம்மாவும் இல்லை, அந்தச் சட்டியும் இல்லை. கிடுகு வேலியும் இல்லை, ஆறடிக் கல்மதில். போன வெள்ளிக்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வெகுநேரம் அழுதது. பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மதிலடிவரை போனேன். அந்த வீட்டு வாசல் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.