ஒரே போல்ட்டில் நின்ற விமானச் சக்கரம்

இதை வாசிக்கும் விசுவாசக் குடும்பங்களுக்கு வணக்கம். நான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவன். ஒருநாள் ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டு என் சாவை எதிர்பார்த்தேன். ஆண்டவர் என்னைத் தரையில் இறக்கிவிட்ட கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி, மே மாதம். என் மாமனார் ஊரில் கோயில் திருவிழா. என் மனைவியின் தம்பி ஜெரோம் சின்ன விமானம் ஓட்டுகிறவன். சப்பரம் சுற்றி வரும்போது மேலிருந்து பூ தூவுகிறேன் என்று ஊருக்கே வாக்குக் கொடுத்துவிட்டான். பூ என்னுடையது. மூட்டையைக் கவிழ்க்கவும் நான்தான். “அவன் வெளையாட்டுப் புள்ள, நீங்க போகாதீங்க” என்று மனைவி தடுத்தாள். ஓசியில் விமானம் ஏறக் கிடைத்தால் யார் விடுவார்கள்? மதுரையில் போய் ஏறிவிட்டேன்.

முதல் மூட்டையில் பாதிப் பூ காற்றில் திரும்பி என் வாய்க்குள்ளேயே வந்தது. மீதி சப்பரத்தில் விழுந்தது. கீழே ஜனங்கள் கை அசைத்தார்கள். அத்தோடு திரும்பியிருக்கலாம். கைதட்டல் கிடைத்தால் ஜெரோமுக்குத் தலைகால் புரியாது. அனுமதி வாங்கிய உயரம் ஒன்று, அவன் இறங்கிய உயரம் வேறு. ஜனங்களின் முகம் தெரிந்தது.

“மாப்ள, போதும்டா” என்றேன். சிரித்தான். இன்னொரு சுற்று, இன்னும் தாழ. தென்னை மரம் ஒன்று எதிரே வந்தது. கடைசி நொடியில் மேலே தூக்கினான். அடியில் பலமாக ஓர் இடி. விமானம் சாய்ந்து, எப்படியோ நிமிர்ந்தது. அதுவும் வேடிக்கை என்று நினைத்துக் கீழே எல்லாரும் கைதட்டினார்களாம். என் மனைவி மட்டும் தெருவிலேயே முழந்தாளிட்டுவிட்டாள்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வலது சக்கரத்தைத் தாங்கும் கால் பின்னால் வளைந்து காற்றில் ஆடியது. அவனிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. இறங்கும்போது அந்தக் கால் முறிந்தால் இறக்கை தரையில் மோதும், பெட்ரோல் இறக்கைக்குள்தான் இருக்கிறது என்றான். என் இரண்டு பெண் பிள்ளைகளை நினைத்து அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மதுரை வரைக்கும் விரலை எண்ணி வாய்க்குள்ளேயே செபமாலை சொன்னேன். ஜெரோம் பல வருடமாகக் கோயில் வாசலை மிதிக்காதவன். தன்னை ஆகாயத்தில் தூக்கி நிறுத்துவது என்ஜின்தான், ஆண்டவர் இல்லை என்று பங்குச் சாமியாரிடமே வாதாடியவன். அவன் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

“மச்சான், சத்தமா சொல்லுங்க. எனக்கு மறந்துபோச்சு.”

என்ஜின் இரைச்சலையும் மீறிக் கத்திச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மங்கள வார்த்தை செபத்தின் இரண்டாம் பாதியை அவனே சொல்ல ஆரம்பித்தான். செபித்துக்கொண்டேதான் இறங்கினோம். நல்ல சக்கரத்தை முதலில் ஊன்றி, வேகம் குறையும்வரை மற்றதைத் தரை தொடவிடாமல் பிடித்தான். பிறகு அது தொட்டது. கிறீச்சிட்டது. எலும்பெல்லாம் ஆட்டம் கண்டது. ஆனால் கால் முறியவில்லை. விமானம் நின்றது.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். காலைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றுதான் மிச்சம், அதிலும் விரிசல். இந்தக் கால் லாரியின் ஸ்பிரிங் பட்டை மாதிரியான எஃகு, கீழிருந்து வரும் அடியைத் தாங்கும், மரத்தில் மோதுவதற்குச் செய்ததல்ல என்றார். “இது நின்னுருக்கவே கூடாதுங்க” என்று தலையை ஆட்டினார்.

எஃகு நல்ல எஃகு, அவ்வளவுதான் என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நல்ல எஃகுதான், நான் மறுக்கவில்லை. அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

விசாரணையில் ஜெரோம் ஒன்றையும் மறைக்கவில்லை. கொஞ்ச காலம் பறக்கத் தடை விதித்தார்கள், ஏற்றுக்கொண்டான். இப்போது ஒழுங்காக உயரத்தில் பறக்கிறான், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறான். என் ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

அன்றிலிருந்து நான் வாய்க்குள் செபிப்பதில்லை. கடையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் சத்தமாகவே சொல்கிறேன். மகள்களுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். இருக்கட்டும். உங்களுக்கு ஒரு நெருக்கடி வந்தால் ஆண்டவரை நம்பிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும், அந்த மனுஷருக்குச் செபம் மறந்துபோயிருக்கலாம்.