ஆறு எருமைகளும் மூன்றாவது லேத்தும்

என் மாமியார் பழனாத்தாள் துப்பறிந்த மாப்பிள்ளைகளில் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் எத்தனையோ பேர் அவர் கையில் சிக்கிச் சின்னாபின்னமாகியிருக்கிறார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், ஜாதகத்தை ஜோசியரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் பையனின் பேரையும் ஊரையும் அத்தையிடம் சொல்லிவிடுவார்கள். கிரகம்கூட இடம் மாறும், பழனாத்தா கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பேச்சு.

பி.எஸ்ஸி. படித்த பையன் என்று சொன்னார்கள் ஒரு தடவை. அத்தை அவன் ஊர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, "கண்ணு தெரியலீங்க தம்பி, இது எங்க போற பஸ்ஸுங்க?" என்று கேட்டார். பையன் போர்டை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குங் கண்ணு தெரியாதுங்கம்மா" என்றானாம். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

இந்த வித்தையெல்லாம் அவருக்கு வந்தது மாத நாவல்களில் இருந்து. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், மாதம் ஒரு தடவை காந்திபுரம் போய் அப்துல் கையூம் பாயின் பேப்பர் கடையில் புது நாவலை வாங்காமல் வரமாட்டார். அதுவும் துப்பறியும் அபர்ணிகா வரும் நாவல் மட்டும்தான். வேறு துப்பறிவாளர் வந்தால் அட்டையைக்கூடத் தொடமாட்டார்.

அபர்ணிகாவுக்கு ஒரு கடந்த காலம் உண்டு. சின்ன வயதில் அவள் கண்ணெதிரே ஒரு மலை ஸ்டேஷனில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருவன் அவள் அம்மாவை ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவன் யார் என்று தெரியாது. அதிலிருந்து ரயில் ஊதும் சத்தம் கேட்டால் அவளுக்குத் தலை சுற்றும், கை நடுங்கும், எதிரில் நிற்கும் அப்பாவியைப் பிடித்து இவன்தான் கொலைகாரன் என்றுவிடுவாள். ஒன்பதாம் அத்தியாயம் வந்தால் எப்படியும் ரயில் ஊதிவிடும். கடைசி அத்தியாயத்தில் தெளிந்து சரியான ஆளைப் பிடிப்பாள். ஆனால் பழுப்புக் கோட்டுக்காரன் மட்டும் எந்த மாதமும் சிக்கமாட்டான்.

"ஏனுங்க பாய், இந்த மாசமாச்சு அவ ஆத்தாளத் தள்ளுனது ஆருன்னு வந்திருக்குதுங்களா?"

"இன்னும் இல்லீங்கம்மா. எழுதறவருக்கே தெரியாதுன்னு நெனைக்கறேன்."

இந்தப் பேச்சு மாதா மாதம் நடக்கும். அத்தை பெருமூச்சு விட்டு நாவலை வயர் கூடையில் கத்தரிக்காய்க்கு மேலே வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஏனென்றால் அத்தைக்கும் ஒரு கடந்த காலம் இருந்தது. அதில் ரயில் இல்லை. எருமை இருந்தது.

அத்தை பிறந்தது காங்கயம் பக்கம். அவரைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய தாய்மாமன்கள் தொண்டாமுத்தூர் வந்து மாப்பிள்ளை வீட்டுக் கட்டுத்தரையைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பது அப்புறம்தான், மாடு கட்டும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆறு எருமைகள் கொழுகொழுவென்று நின்றிருக்கின்றன. மாமன்கள் மனம் குளிர்ந்து தலையாட்டிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து அத்தை புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், யாரோ ஒரு ஆள் வந்து ஆறையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கழுத்து மணி கிணுகிணுவென்று சாலையில் தேய்ந்து மறைந்ததைப் புதுப்பெண் வாசலில் நின்று கேட்டாள். மிச்சம் நின்றது ஒரு கறவை வற்றிய பசு.

அன்றிலிருந்து என் மாமனார் காளிச்சாமிக்குக் கெட்ட காலம். இட்லி கேட்டால் எருமை, வேட்டி கேட்டால் எருமை. "இரவல் எருமையக் காட்டிப் பொண்ணு கட்டுன ஊடுதான் இது" என்பது அந்த வீட்டின் காலை வணக்கம். மாமனார் வாயே திறக்கமாட்டார். தெருவில் எருமை மணிச் சத்தம் கேட்டால் மட்டும் மெல்லத் தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் தொண்ணூற்று நான்காம் வருடம் நான் பெண் கேட்டேன். நான் சென்னியப்பன், சரவணம்பட்டியில் லேத்துப் பட்டறை, கிரைண்டர் மோட்டாருக்கு இரும்புத் தண்டு கடைந்து கொடுப்பது தொழில். ஒரு கல்யாணத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். பந்தியில் என் இலையில் ரசம் ஓடி வேட்டியில் இறங்கியதும் எதிர் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு வேட்டியை நனைக்கலாம் என்று தோன்றியது. இந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு பெண் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஜாதகம் பொருந்தியது. இனி வேவு பார்க்க ஆள் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஜாதகம் வெளியே போயிருக்கும் வீட்டில் முன்பின் தெரியாத யார் வந்தாலும் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பது வழக்கம். யார் எந்தப் பெண்ணின் மாமனோ, யார் கண்டது? அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு ரிப்பேர்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வழி தவறிய ஒரு மாட்டு டாக்டர் எல்லோரும் பலகாரத்தோடு காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அத்தை மாறுவேடத்தில் வந்தார். அபர்ணிகா வேவு பார்க்கப் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுவாள். அத்தை போட்டுக்கொண்டு வந்தது மாமனாருக்குக் கண் ஆபரேஷனில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி. சரவணம்பட்டிக்காரர்கள் இரக்கம் உள்ளவர்கள். "பாவம், புதுசா கண்ணு ஆபரேசன் பண்ணியிருக்குது" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார்கள். அவர் எதிர்ப்பக்கத்துக்குப் போகவே விரும்பவில்லை. இந்தப் பக்கம் திரும்பி வந்தால் இன்னொருவர் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிடுவார். கடைசியில் என் பட்டறை வாசலில் கொண்டுவந்து விட்டது என் அம்மா. காப்பியும் கொடுத்தார். அத்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பட்டறையில் மூன்று லேத்து ஓடுவதை மனதில் குறித்துக்கொண்டு திருப்தியாகப் போனார்.

அதோடு நின்றிருந்தால் எனக்கு வாழ்வு. ஆனால் அபர்ணிகா எப்போதும் சம்பவ இடத்துக்கு இரண்டாம் தடவை போவாளாம். ஆடி முடிந்து அத்தை மறுபடி வந்தபோது பட்டறையில் இரண்டு லேத்துதான் இருந்தது. மூன்றாவது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் மிச்சம்.

நடந்தது இதுதான். பக்கத்துப் பட்டறை கோவிந்தராஜுலு அண்ணனின் கூரைத் தகடு ஆடிக்காற்றில் பறந்துவிட்டது. மழையில் லேத்து துருப்பிடிக்குமே என்று என் பட்டறையில் கொண்டுவந்து வைத்தார். சும்மா நிற்பானேன் என்று அவர் ஆளே அதில் வேலை பார்த்தான். கூரை மாட்டியதும் டெம்போ வைத்துத் திரும்பக் கொண்டுபோனார். இதில் என் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் அத்தையின் காதில் அந்த நேரம் எருமை மணி அடித்துவிட்டது. அன்றே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார், சம்பந்தம் வேண்டாம் என்று. வந்த ஆள்தான் அந்த ஆறு எருமைக் கதையையும் எனக்குச் சொன்னார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. அம்மா ஒரு பக்கம், "போச்சாது உடு கண்ணு, வேற பாக்கலாம்" என்றார். வேறு யாரைப் பார்ப்பது? கடைசியில் எதிரியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளக் கையூம் பாய் கடைக்குப் போய், அபர்ணிகாவின் பழைய நாவல் அத்தனையும் வாங்கி வந்து வரிசையாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது: நான் ஒன்பதாம் அத்தியாயத்து ஆள். ரயில் ஊதியதால் மாட்டிக்கொண்ட அப்பாவி. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அபர்ணிகாவின் அப்பா எல்லாக் கதையிலும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே இருக்கிறார். கொலை நடந்த அன்று அவரும் அதே ரயிலில்தான் போயிருக்கிறார். ஊரில் இருப்பவர்களை எல்லாம் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிற அந்தப் பெண், ஒரு நாவலில்கூட அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் கோவிந்தராஜுலு அண்ணனைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு தொண்டாமுத்தூர் போனேன். அத்தை எங்களை உள்ளே விட்டார், ஆனால் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தார். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாதாம். மாமனார் நடுவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பூங்கொடி கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"லேத்து என்னுதுங்கம்மா" என்றார் கோவிந்தராஜுலு அண்ணன். "ஆடிக்காத்துல கூரை பறந்துபோச்சு, அதனால தம்பி பட்டறையில வெச்சுபோட்டேன்."

"ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு கேட்டிருக்கறனுங்க" என்றார் அத்தை. "லேத்து பறந்துபோய்ப் பக்கத்துப் பட்டறையில, அதும் பொண்ணூட்டுக்காரங்க பாக்க வார அன்னிக்கு உக்காரும்னு இப்பத்தானுங்க கேக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "லேத்துதான் இரவல்னா, சாட்சியையுமா தம்பி இரவல் வாங்கிட்டு வாரது?" என்றார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது. இனி இழக்க எனக்கு ஒன்றும் இல்லை. நேராக மாமனாரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏனுங் மாமா, அந்த ஆறு எருமை ஆருதுங்க?"

பேப்பர் மெல்ல இறங்கியது. அவர் என்னை ஏதோ தேவதூதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அத்தனை வருடத்தில் யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"ஆலாந்துறை சுப்பண்ணனுதுங்க தம்பி."

"அவருகிட்ட நீங்கதான் வாங்குனீங்களா?"

"நான் எதுக்கு வாங்கறேன்?" மாமனார் அத்தையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இவிங்கய்யன் வாங்கிட்டு வந்து கட்டுனாரு."

தன் அப்பாவின் பேச்சு வந்ததும் அத்தை எழுந்துவிட்டார். "எங்கய்யனா? செத்தவரு மேல பழியப் போடாதீங்க!"

"அதுக்குத்தான் அம்மணி நான் இத்தனை நாளா சொல்லலே" என்று சொல்லிவிட்டு மாமனார் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அத்தை கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "கெளம்புங்க தம்பி, ஆலாந்துறைக்கு. குத்தவாளிய நான் கண்ணு முன்னாலயே வெச்சுக்கோணும்." என் மொபெட்டின் பின்னால் வயர் கூடையோடு ஏறி உட்கார்ந்தார். எதற்கு வயர் கூடை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சுப்பண்ணன் நல்ல முதியவர், காது மந்தம், ஞாபகம் கூர்மை. எருமை என்றதும் சிரித்துவிட்டார்.

"நீ காங்கயத்தாரு மவளா கண்ணு? உங்கய்யனுக்கும் எனக்கும் மாட்டு யாவாரத்துல பழக்கம். அவரு கண்ணபுரம் சந்தையில காளிச்சாமிகிட்ட ஒரு காளைக்கு வெல பேசுனாரு. துண்டுக்கு அடியில வெரலப் புடிக்கறாரு, அந்தப் பையன் கைய உருவிக்கிட்டு, 'ஏனுங்க, இந்தக் காளை சோத்தாங்கைப் பக்கம் ஆள் வந்தா மெரளுமுங்க, சொல்லாம வித்தா பாவமுங்க'ன்னு சொல்லிப்போட்டான். உங்கய்யன் அன்னிக்கே என்றகிட்ட வந்து சொன்னாரு. 'சந்தையில நின்னுக்கிட்டு சொந்த மாட்டோட கொறையச் சொல்றவன் என்ற புள்ளைய நல்லா வெச்சுக்குவான் சுப்பண்ணா. ஆனா மச்சானுங்க கட்டுத்தரையத்தான் பாப்பானுங்க. இவனுக்குப் பொய் சொல்ல வராது. இவனுக்குப் பதுலா நானே சொல்லிக்கறேன்'னாரு. கல்யாணம்னா ஆயிரம் பொய் சொல்லலாம்பாங்க. அவரு ஆறோட நிறுத்திக்கிட்டாரு."

மேய்ச்சலுக்குப் போன சுப்பண்ணனின் எருமைகள் அந்த நேரம் மணியைக் கிணுகிணுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குத் திரும்பின. நான் பயந்துபோய் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் திடீரென்று முதுகில் தட்டினார். "வண்டிய நிறுத்துங்க மாப்ள."

நிறுத்தினேன். கூப்பிட்டது என்னைத்தானா என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எருமையப் பாத்து என்னயக் குடுத்துபோட்டாங்கன்னு இத்தன காலமும் எரிஞ்சுட்டு இருந்தனுங்க. எங்கய்யன் ஆளப் பாத்துத்தான் குடுத்திருக்கறாரு. அந்த மனுசன் ஒரு வாய் சோத்துக்கு ஒரு எருமப் பேச்சு வாங்கியிருக்கறாரு, என்ற வாயால" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினார். பிறகு சாலையோரக் கடையில் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிக் கூடையில் வைத்தார். மாமனாருக்குப் பூவன் பழம் பிடிக்குமாம்.

வீட்டில் கோவிந்தராஜுலு அண்ணன் இன்னும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகலாம் என்று யாரும் சொல்லவில்லையாம். அத்தை நேராக மாமனாரிடம் போய், "காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டார். எருமை இல்லாமல் ஒரு கேள்வியா என்று அந்த மனிதர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு அத்தை யாருக்காகவும் துப்பறியப் போகவில்லை. நாவலும் விட்டுப்போனது. கையூம் பாய் எடுத்துவைத்த புது நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவ அய்யன் ஊட்டுலயே உக்காந்திருக்கறாருங்க பாய். ஒரு வார்த்த கேட்டிருந்தாள்னா மொதப் பொஸ்தகத்துலயே முடிஞ்சிருக்கும். கேக்கத் தெரியாதவளுக்கு எதுக்குங்க துப்பறியற வேல?" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அடுத்த வருடம் நான் சொந்தமாக ஒரு புது லேத்து வாங்கினேன். பேத்தியைப் பார்க்க வந்த அத்தை, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் பட்டறைக்குள் போய் மூன்றாவது லேத்தின் முன்னால் நின்றார். கண்ணாடி இல்லை, மாறுவேடம் இல்லை.

"ஏனுங் மாப்ள, இது ஆருது?"

"என்னுதுங்க அத்தை."

"செரிங்க" என்றார். "கேட்டுப்போடறது நல்லதுங்க."