பிரேமாவதி அத்தையின் கைராசியும் நான்கு ஜாடி மாவும்

மலேசியாவின் ஜித்ராவில், பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவம் படிக்கும் ரூபினி, ஆறு வயதிலேயே தீர்த்தம் வாங்க நின்ற இடத்தில் குருக்களைப் பார்த்து, "சாமி, கை கழுவினீங்களா?" என்று கேட்டவள். இன்றைக்கும் அவள் வரிசையில் நின்றால் குருக்கள் ஒருநடை குழாயடிக்குப் போய்விட்டுத்தான் வருகிறார்.

இப்படிப்பட்டவளிடம் நுண்ணுயிரியல் பாடத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? அலோர் ஸ்டாரில் நடக்கும் அறிவியல் விழாவுக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பரிசோதனைதான் போகும். அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ரூபினிக்கு வெறி. பரிசோதிக்க அவள் தேர்ந்தெடுத்தது, அப்பாவின் அக்கா பிரேமாவதி அத்தையின் வலது கையை.

அந்தக் கையின் புகழ் கொஞ்சநஞ்சமல்ல. அத்தை கைவிட்டுக் கலக்கினால்தான் தோசை மாவு பொங்கும் என்று பெண்டாங் முதல் கோலா கெடா வரைக்கும் பேச்சு. கோயில் அன்னதானத்துக்குக் காரில் கூட்டிப்போய், கையை மட்டும் மாவில் விடச் சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஒருமுறை மாவு பொங்கி, மூடிமேல் வைத்த குழவிக்கல்லையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டதாம். அதற்குச் சாட்சி உண்டு. சாட்சி அத்தைதான்.

பொங்க வைப்பது கையா, உளுந்திலேயே இருக்கும் கிருமியா? ஒரே மாவை நான்கு கண்ணாடி ஜாடிகளில் ஊற்றினாள் ரூபினி. முதல் ஜாடியில் அத்தையின் கை. அடுத்ததில் அம்மா ஷீலாவின் கை. மூன்றாவதில் மீன் லோரி ஓட்டும் அப்பா காளிதாசனின் கை. நான்காவதில் கையே படக்கூடாது. கொதிநீரில் போட்டெடுத்த கரண்டி மட்டும். மாவின் மட்டத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம்.

காலையில் கரண்டி ஜாடி உட்பட நான்கும் பொங்கியிருந்தன. ரூபினி துள்ளிக் குதித்தாள். அம்மா தொண்டையைச் செருமினாள்.

"அந்தக் கரண்டி ஜாடி பாவம்லா, யார் கையும் படாம அநாதையா கிடந்துச்சு. நான்தான் லேசா ஒரு கலக்கு..."

"அம்மா! அதுல கையே படக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"மாவப் பார்த்துட்டுக் கைய வைக்காம எப்படிடி தாண்டிப் போறது?"

ஷாமளா டீச்சர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பச் செய். இல்லன்னா சசிதரனோட ரொட்டிப் பூஞ்சைதான் விழாவுக்குப் போகும்." சசிதரன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ரொட்டியைப் பையிலேயே மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

இந்த முறை ஜாடிகளை அப்பாவின் லோரி முன்சீட்டில் வைத்துப் பூட்டுவதென்று முடிவாயிற்று. வெயிலில் கதகதப்பும் கிடைக்கும், அம்மாவின் கையும் எட்டாது. ஆனால் கிருமி என்ற சொல் அதற்குள் அத்தையின் காதுக்குப் போயிருந்தது.

"என் கையில கிருமியா? இந்தா பாரு!" முழங்கை வரைக்கும் சானிடைசரை ஊற்றித் தேய்த்து, ரூபினி தடுப்பதற்குள் சொட்டச் சொட்ட அப்படியே மாவுக்குள் விட்டாள் அத்தை.

சாயங்காலம் லோரிக் கதவைத் திறந்தார்கள். அம்மா ஜாடி, அப்பா ஜாடி, கரண்டி ஜாடி மூன்றும் ஒரே உயரத்துக்குப் பொங்கி மூடியை முட்டிக்கொண்டிருந்தன. அத்தையின் மாவு மட்டும் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்புபோலப் படுத்துக் கிடந்தது.

அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனைத் தவிர ஒண்ணும் தெரியாத கைம்மா இது. அக்கா, அடுத்த அன்னதானத்துக்கு நான் போகட்டுமா?"

அத்தை கரண்டி ஜாடியை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அந்தக் கரண்டி எது?"

"சமையல்கட்டுல இருந்தது அத்தை."

"உங்கம்மா கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது! என் கையால தேய்ச்சுக் கொடுத்தது!"

"கொதிக்க வச்சேன் அத்தை."

"ராசி என்ன, கொதிச்சா செத்துப்போயிடுமா?"

சானிடைசர், கரண்டி, அத்தையின் ஆட்சேபம் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதி, வெள்ளிக்கிழமை நீட்டினாள் ரூபினி. டீச்சர் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"உங்க அத்தை கேட்டது சரியான கேள்விலா. புதுக் கரண்டி வாங்கி இன்னொரு தடவை செய். சானிடைசர் கூடாது. விழாவுக்கு நீதான் போற."

அன்று மாலையே கரண்டி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினாள். நல்லதாகப் பார்த்து எடுத்துத் தருகிறேன் என்று அத்தையும் செருப்பை மாட்டினாள்.

"வாங்க அத்தை," என்றாள் ரூபினி. "ஆனா கையக் கட்டிக்கிட்டு வாங்க."