மழையை நிறுத்த ஒரு தொலைபேசி இலக்கம்

மழைக்குச் சட்டம் எழுதும் காரியாலயத்தில் வேலை என்று சொன்னால், என்னைப் பெண் கேட்டு வந்தவர்களே எழும்பிப் போய்விடுவார்கள்.

விமானத்தில் போய் மேகத்துக்குள் உப்புத்தூள் தூவி மழை பெய்விக்கப் போகிறார்கள். மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் நிரம்ப வேண்டுமாம். அதற்கான ஒழுங்குவிதி வரைவை ஊர் ஊராக விளக்கி, சனங்களின் கருத்தை எழுதிக் கொடுப்பது என் பாடு. காற்றுத் திரும்பினால் அந்த மழை எங்கள் கல்முனைப் பக்கத்து வயல்களில் கொட்டும், அதுவும் அறுவடை நேரத்தில். அப்போது "நிறுத்து" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? வரைவில் அது மட்டும் இல்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, கதிரை அடுக்கி, கடைசியில் ஏச்சும் வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

நூல் காயுமா?

மருதமுனையில் கைத்தறி நெய்யும் ஒரு ராத்தா, அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சாயம் போட்ட நூலைக் கொடியில் விரித்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். மேகம், உப்பு, அனுமதிப்பத்திரம், கண்காணிப்புக் குழு என்று தொண்டை வறளக் கதைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒருவராவது கவனிக்கிறாரே என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கேள்வி உண்டா என்றதும் எழும்பினார்.

"எல்லாம் நல்லா விளங்குது தங்கச்சி. இப்ப நூல உள்ளுக்கு எடுக்கிறதா, உடுறதா?"

வராத விமானம்

மறுநாள் மழை பெய்தது. தை மாதத்தில் இந்தக் கரையில் வழமையாகப் பெய்வதுதான். ஆனால் தேநீர்க் கடையில் நான் குடையை மடக்குமுன்னே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விமானம் இன்னும் நாட்டுக்கே வரவில்லை என்று சத்தியம் பண்ணாத குறை. கடைக்கார அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"வராமலே இவ்வளவெண்டா, வந்தா என்ன செய்யும்?"

மேல் தண்ணி

சம்மாந்துறைப் பக்கத்தில் நெற்போகம் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்த பிறகு, வட்டவிதானைக்குத் தெரியாமல் எவரும் வாய்க்கால் கதவைத் தொட முடியாது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட விவசாயிகளே தெரிவு செய்யும் ஆள் அவர். அங்குள்ள விதானை மீராசாகிபுவின் போன வருட விளைச்சல், அறுவடை மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்துப் போனது. இந்த வருடமும் கதிர் முற்றி நிற்கிறது. இன்னொரு தடவை அவர் தாங்கமாட்டார்.

கொழும்பிலிருந்து வந்த என் மேலதிகாரி படம் போட்டு விளக்கினார். விதானை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வானத்தையும் அவர் வாய்க்கால் கணக்கில்தான் எடுத்திருக்கிறார் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

"அறுவடைக்கெண்டு கீழ்த் தண்ணிய அடைச்சாச்சு சேர். மேல் தண்ணியத் திறக்க எந்தக் கூட்டத்தில கை தூக்கின?"

ஞாயிற்றுக்கிழமை

வரைவு திருத்தப்பட்டு வந்தது. விதானை அழைத்துச் சொன்னால் விமானம் திரும்ப வேண்டும். அழைப்பதற்கு ஒரு இலக்கமும் இருந்தது. வேலைநாட்களில், காரியாலய நேரத்தில் மட்டும். பெருமையோடு அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மழைக்கு ஞாயித்துக்கிழம லீவா மகள்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேள்வியை அப்படியே அறிக்கையில் போட்டேன். மேலிடத்தில் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு "எந்நேரமும்" என்று மாற்றினார்கள்.

விமானம் பறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விதானையின் நெல் முழுவதும் ரோட்டோரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பி மேகம் கறுக்கத் தொடங்கியதும், பயந்துபோய் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போகும்போதே விமானம் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"ஆரோ ஒரு தம்பி, நித்திரையால எழும்பின குரல். ஆனா ஃபோன எடுத்தாரு மகள்."

வானத்தை ஒழுங்குபடுத்தும் உத்தியோகத்தில் நான் இதுவரை ஒழுங்குபடுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான்.