எடை மேடையில் ஏறிய கார்

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த பொற்கொடிக்குப் பேச்சு குறைவு. சிப்காட் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களைத் தன் பழைய காரில் கொண்டுபோய் விடுகிறாள். பின்சீட்டில் மாமியார் கதையும் சூப்பர்வைசர் கதையும் ஓடும். அவள் கண் ரோட்டிலும் காது இன்ஜினிலும் இருக்கும்.

கொஞ்ச நாளாக அந்தக் காதுக்கு நிம்மதியில்லை. மேடு ஏறினால் உள்ளே ஏதோ தட்டியது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நடுவழியில் வண்டியை நிறுத்தும்படி ஆனது. அடுத்த முறையும் நின்றபோது, பெண்கள் போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட்டை மூடிவிட்டார்கள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் வினோதா. எல்லாருக்கும் சேர்த்து வாய் திறப்பவள் அவள்தான். "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்."

மெக்கானிக் சிவராஜ், இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினான். ஆயில் மேல்கோட்டில் நின்றது. "ஃபுல்லா இருக்குதுக்கா. வண்டிக்கு வயசாயிடுச்சு, வேறென்ன?"

பொற்கொடி அந்தக் குச்சியை உற்றுப் பார்த்தாள். வண்டியோடு வந்த பழைய குச்சி, போன சர்வீஸில் முறிந்தது அவன் கையில்தான். டிராயரில் கிடந்த எதையோ எடுத்துச் செருகியவனும் அவன்தான். குச்சி உரிய அளவைவிட நீளமாக இருந்தால் அடியில் கிடக்கிற கொஞ்ச ஆயிலும் நிறைந்ததாகத்தானே காட்டும்? சரியான குச்சியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

அந்தக் கார் மாடல் தயாரிப்பே நின்று போனதால் புதுசு எங்கும் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி ரோட்டில் பழைய சாமான் விற்கும் நூருல்லா, முருங்கைக்காய்க் கட்டு மாதிரி ஒரு கட்டுக் குச்சிகளை எடுத்துப் போட்டார்.

"எல்லாமே உள்ள போகும், எல்லாமே எதையாச்சும் காட்டும். உன்னுது எதுன்னு எனக்கே தெரியாதும்மா."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது பாய்?"

"இருக்கற ஆயில மொத்தமா எறக்கிட்டு, ஃபில்டர மாத்தி, கார் கம்பெனி சொன்ன அளவு புதுசா ஊத்து. எது மேல்கோட்டுல காட்டுதோ அதான் உன் குச்சி. யாரு இவ்ளோ மெனக்கெடுவாங்க?"

"நான் மெனக்கெடறேன்."

கடை வாசலிலேயே வண்டிக்கடியில் படுத்து ஆயிலை இறக்கினாள். இருக்க வேண்டியதில் பாதிதான் வந்தது. சந்தேகம் உறுதியாயிற்று. புது ஆயிலை அளந்து ஊற்றி, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினாள். ஆயில் கீழே இறங்கியதும் ஒவ்வொரு குச்சியாகத் துடைத்து உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒன்று மேல்கோட்டில் கச்சிதமாகக் காட்டியது.

"ஆச்சு! எடுத்துட்டுக் கெளம்பும்மா," என்றார் நூருல்லா.

அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் கை கழுவிய தண்ணீர் காருக்கடியில் ஓடிச் சாக்கடைப் பக்கமாக இறங்குவதைப் பார்த்துவிட்டாள். கார் சாய்வாக நிற்கிறது. அப்படியானால் உள்ளே ஆயிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதானே கிடக்கும்?

"சமமான எடம் வேணும் பாய்."

"ஓசூர்ல சமமான எடமா? ஏரித்தண்ணி மேலதான் நிறுத்தணும்!"

எதிரில் கிரானைட் லாரிகளின் எடை மேடை இருந்தது; மட்டம் பார்த்துக் கட்டியது. பொற்கொடி காரை ஓட்டிக்கொண்டு போய் நேராக மேடைமேல் ஏற்றினாள்.

"ஏம்மா, கல்லு லாரி நிக்கற எடத்துல டப்பா காரா?" எடை போடும் ஆஞ்சப்பன் ஜன்னல் வழியே கத்தினார். "யாரோட எடை பாக்கணும், உன்னுதா காரோடதா?"

வேறு நாளென்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பாள். "எடை வேணாங்ணா. ஆயில் எறங்கற வரைக்கும் வண்டி நேரா நிக்கணும். அவ்ளோதான்."

பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அவள் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு குச்சியை உள்ளே விட்டு எடுத்தாள். சற்றுமுன் கச்சிதமாகக் காட்டிய அதே குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. வேண்டாமென்று ஒதுக்கிய குட்டைக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டாள். மேல்கோட்டில் வந்து நின்றது, மயிரிழை பிசகாமல்.

வேடிக்கை பார்க்க ரோட்டைக் கடந்து வந்திருந்த நூருல்லா தாடியைத் தடவினார். "அல்லாவே, தப்பானதையில்ல கட்டிக் குடுத்திருப்பேன்!"

"பாத்தாச்சில்ல? எறக்கும்மா வண்டிய!" என்றார் ஆஞ்சப்பன்.

மறுநாள் காலை மேடு வந்தது. பின்சீட்டிலிருந்து எல்லார் பார்வையும் ஆயில் விளக்கின்மேல். அது எரியவில்லை. இன்ஜின் தட்டாமல் ஏறியது. கம்பெனி கேட் அகலத் திறந்து கிடந்தது.

இறங்கிய வினோதா, கதவைச் சாத்துமுன் குனிந்து கேட்டாள்: "நாளைக்கும் இதே நேரந்தானே அக்கா?"

"இதே நேரந்தான்," என்றாள் பொற்கொடி.